குளிர்ச்சியாக இருந்ததா, கனவான்களே?

சனிக்கிழமை விடிகாலை வத்தலக்குண்டில் டீ குடிக்க இறங்கும்போதே உங்கள் முகத்தில் ஒரு தெய்வக்களை வந்துவிடுகிறது. ஐந்து நாள் ஏசி அறையில் உட்கார்ந்து வெந்துபோன உடம்பல்லவா! கொடைக்கானல் குளிரைத் தேடித்தான் போகிறீர்கள். ஆனாலும் காட்ரோடு செக்போஸ்ட் தாண்டும்வரை காருக்குள் ஏசி 18-இல் ஓடியாக வேண்டும். முதல் கொண்டை ஊசி வளைவில் குழந்தை வாந்தி எடுக்கும். அந்தப் பாலித்தீன் பை ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கும். மலைக்கு நீங்கள் செலுத்தும் முதல் காணிக்கை அது. அடுத்த வளைவில் குரங்குக்கு மசாலா சிப்ஸ். அனுமார் கணக்கில் புண்ணியம்.

வெள்ளி அருவியில் வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் படம் எடுப்பீர்கள். பின்னால் ஆம்புலன்ஸ் நின்றால் அது அதன் விதி. அந்த அருவி வேறொன்றுமில்லை, கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான். ஏரியில் என்னென்ன கலக்கிறது என்று விடுதிக்காரரைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு ‘ஆகா, மூலிகைத் தண்ணீர்’ என்று சொல்லிவிட்டு மேலே ஏறுங்கள்.

இந்த ஊரே வெயிலுக்கு ஓடிவந்தவர்கள் உண்டாக்கியதுதான். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் காய்ச்சலுக்குப் பயந்து இங்கே பங்களா கட்டினார்கள். 1863-இல் மதுரை கலெக்டர் வியர் லெவிஞ்ச் ஓடைகளை மறித்து ஏரியை அமைத்தார். அவர்கள் சாவுக்குப் பயந்து ஏறினார்கள். நீங்கள் திங்கட்கிழமைக்குப் பயந்து ஏறுகிறீர்கள். வந்தவர்களுக்கு அப்போதும் இப்போதும் மலையில் ஏற்கெனவே இருப்பவர்கள் கண்ணில் படுவதில்லை.

இவ்வளவு வண்டி ஏறினால் மலை தாங்குமா என்கிற கேள்வி அரசாங்கத்துக்குத் தானாகத் தோன்றவில்லை. ஹைகோர்ட் சொன்ன பிறகு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. கேட்டவர்க்கெல்லாம் பாஸ். வந்த வண்டிகளை எண்ணினார்கள், தடுக்கவில்லை. 2025 கோடைக்குக் கோர்ட்டே ஒரு வரம்பு வைத்தது: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. சனி, ஞாயிறுகளில் மட்டும் மலை கொஞ்சம் அகலமாகிவிடும் போலிருக்கிறது. பாறைக்கும் வார விடுமுறை உண்டென்று பூகோளப் புத்தகத்தில் சேர்க்க வேண்டியதுதான்.

குளிருக்கு ஆசைப்பட்டு வந்தது நீங்கள் மட்டுமல்ல. 1983-இல் ஒரு தெர்மாமீட்டர் ஆலையும் வந்தது. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் மூடிய ஆலையின் எந்திரங்கள் அப்படியே கப்பலேறி இந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தன. பிறகு ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001-இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துக் கூச்சல் போட்ட பிறகுதான் ஆலை மூடியது. 2003-இல் 290 டன் கழிவை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். வேலை செய்தவர்களின் உடம்பைத் திருப்பி அனுப்ப வழி இல்லை. பதினைந்து வருஷம் போராடி 2016-இல் 591 தொழிலாளர்கள் ஒரு தொகை பெற்றார்கள். அதுவும் ‘மனிதாபிமான அடிப்படையில்’, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல். ஆலை மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிச்சமிருக்கலாம் என்று கத்தரிக்காய்க்குப் பேசுவதுபோலப் பேரம் வேறு நடந்தது. கம்பெனிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் விளையாடுகிற மண்ணுக்கு இப்படிப் பேரம் பேசுவார்களா? ஆலைக்குக் கீழே இருப்பது பாம்பாறு சோலை. அந்தப் பாம்பாறுதான் இறங்கிப் போய்க் கும்பக்கரை அருவியாக விழுகிறது. அங்கே இன்னொரு வேன் நிறைய ஆட்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள்.

விதிகளைப் பற்றிச் சொல்வதானால் இதே மலையில் இருக்கும் பிளசன்ட் ஸ்டே ஓட்டலை விட முடியாது. விதியை மீறி ஏழு தளம் எழுப்ப அனுமதி கொடுத்த வழக்கில், 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறை விதித்தது தனி நீதிமன்றம். அன்றைக்கே தருமபுரியில் அவருடைய கட்சிக்காரர்கள் ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். கல்விச் சுற்றுலா வந்த வேளாண் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் அதில் கருகிச் செத்தார்கள். மறு வருஷம் அப்பீலில் ஜெயலலிதா விடுதலை. 2018-இல் இந்த மலையில் குறிஞ்சி பூத்தது. அதே வருஷம் நவம்பரில், தீ வைத்து ஆயுள் தண்டனை பெற்ற மூவரும் வெளியே வந்தார்கள். ஓர் ஓட்டலின் மாடிக்கு இந்த நாடு கொடுத்த விலை இது. பால்கனியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது இதையெல்லாம் நினைக்க வேண்டாம், காபி ஆறிவிடும்.

நீங்கள் டால்பின் மூக்குப் பாறையில் கையை விரித்துப் படம் எடுக்கிறீர்களே, அதற்கும் கீழே வெள்ளகவி என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே போக ரோடு கிடையாது என்று எத்தனை காலமாகப் படித்துவந்தோம்! பிரசவ வலியா, பாம்புக்கடியா, டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலையேறி வர வேண்டியிருந்தது. ரோடு கேட்டபோதெல்லாம் வனச்சட்டம் எழுந்து நின்று சல்யூட் அடித்தது. அதே சட்டம், சோலைக்காட்டு ஓரத்தில் ‘ஹோம் ஸ்டே’ என்ற பெயரில் கண்ணாடிக் கூண்டு எழும்பும்போது அசந்து தூங்கும். காட்டுமாடு வாசலுக்கு வந்துவிட்டது என்று ரிசப்ஷனில் புகார் கொடுக்கிற விருந்தாளிகளும் உண்டு. மாடு யாரிடம் போய்ப் புகார் கொடுக்கும்?

கோடையில் ஊர்ப் பெண்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நிற்பார்கள். நீங்கள் ஹீட்டர் வெந்நீரை அரை மணி நேரம் தலையில் ஊற்றிக்கொள்வீர்கள். ரூமுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்களே. குணா குகை வேலிக்கு வெளியே முண்டியடிப்பீர்கள். ஒருவன் விழுந்த கதையைச் சினிமாவில் பார்த்துக் கண்ணீர் விட்ட கையோடு, விழுந்த குழியை எட்டிப் பார்க்க வருகிற ரசனை நம்முடையது. பிறகு ஞாயிறு மாலை ஹோம்மேட் சாக்லேட், மலைப்பூண்டு, யூகலிப்டஸ் தைலம் எல்லாம் வாங்கி டிக்கியை நிரப்பிக்கொண்டு இறங்குவீர்கள். பாட்டில்களும் தட்டுகளும் டயாப்பர்களும் மேலேயே தங்கும், பிரகாசபுரம் குப்பைக் கிடங்கில். அதற்கும் மலைதான் கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமையும் வரத்தான் போகிறீர்கள், நான் சொல்லியா நிற்கப்போகிறீர்கள்? வந்தால், கொண்டுவந்த குப்பையைக் கட்டி உங்கள் வீட்டு வாசலுக்கே எடுத்துப் போங்கள். அது முடியாதென்றால் மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுங்கள், அந்தக் காற்றுக்கு எவனும் இ-பாஸ் கேட்க மாட்டான்.