ஒரு வெள்ளி வைத்தியம்

கேள்வி: மாமனாரை டிஸ்சார்ஜ் செய்து பத்து நாள்கூட ஆகவில்லை, மறுபடி வார்டில் சேர்த்திருக்கிறோம். ஜாலான் ராசாவிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருப்பதால் வந்த பழக்கமா? (ராசா வாசகி)

பதில்: துவாங்கு ஜாபார் மருத்துவமனை பக்கத்தில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், அதைத் திட்டாதீர்கள். டிஸ்சார்ஜ் என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வார்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் முடிந்தது, அவ்வளவுதான். முதலில் அவருடைய மருந்துகளைப் பாருங்கள். பழைய டப்பாவிலும் புதுப் பையிலும் ஒரே மருந்து வேறு வேறு பெயரில் இருக்கும். இரண்டையும் பக்தியோடு விழுங்குகிறவர்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிக்கொண்டு போய் மருந்தகக் கௌண்டரில் காட்டுங்கள்.

கேள்வி: உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குக் கிளினிக்?

பதில்: நன்றாக இருப்பதே கிளினிக்கில் தரும் மாத்திரையால்தான். ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் வலிக்காது. அதுதான் அவற்றின் சூது. 2019 மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களான நமக்கு. நாம் முந்தக்கூடாத ஒரே பந்தயம் இது. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரிடம் 5 வெள்ளி. ஒரு வெள்ளிக்குத் தே தாரிக் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களையே கிளினிக்குக்கு அனுப்புவார்.

கேள்வி: மருந்து வாங்க மாதாமாதம் லீவு போட முடியுமா?

பதில்: வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ள எஸ்பியுபி என்ற மருந்து விநியோக ஏற்பாடு இருக்கிறது, தபாலிலும் வரவழைக்கலாம். ஆனால் ரத்தப் பரிசோதனை தபாலில் வராது.

கேள்வி: இதயம் பலவீனம் என்று சொல்லி, தினமும் எடை பார்க்கச் சொல்கிறார்கள். அழகிப் போட்டிக்கா?

பதில்: மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது பிரியாணி இல்லை, உடம்பில் கோத்துக்கொண்ட நீர். மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆனவர் இப்படித் திரும்பி வந்து சேர்ந்தால் அமெரிக்காவில் என்ன செய்வார்கள்?

பதில்: 2012 அக்டோபரிலிருந்து, சில நோய்களுக்கு 30 நாளுக்குள் அளவுக்கு மீறி ஆட்கள் திரும்பி வந்தால் ஆஸ்பத்திரிக்கே அபராதம். முதியோர் காப்புறுதிப் பணத்தில் 3 விழுக்காடு வரை பிடிப்பார்கள். இதய நோயாளிக்கு ஊறுகாய் ஊட்டிய வீட்டாருக்கு அபராதம் கிடையாது.

கேள்வி: அந்தக் காலத்துத் தோட்டத்தில் நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு இருந்ததா?

பதில்: இருந்தது, டிரெசர் என்ற தோட்ட மருத்துவ உதவியாளர் உருவத்தில். டிரெசர்களைப் பதிவு செய்யவே 1965இல் சட்டம் வந்தது. எல்லா நோய்க்கும் ஒரே மிக்சர் என்று கிண்டல் செய்தோம். ஆனால் பெரட்டுக்கு யார் வரவில்லை, யார் நொண்டினார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். லயத்து வாசலில் நின்று, "மருந்து குடிச்சியா?" என்று கேட்பார். தோட்டத்தை விட்டு வீடமைப்புக்கு வந்தபோது லாரியில் கட்டிலை ஏற்றினோம், பீரோவை ஏற்றினோம். அவரை மட்டும் ஏற்றவில்லை.

கேள்வி: அப்பா அப்பாய்ன்மென்ட் அட்டையைத் தொலைத்துவிட்டார்.

பதில்: சாமி மேடையில், நாலு நம்பர் சீட்டுக்கு அடியில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அடையாள அட்டையோடு கௌண்டருக்குப் போங்கள். சீட்டைத் தொலைத்தால்தான் பரிசு கிடைக்காது, அட்டையைத் தொலைத்தாலும் டாக்டர் கிடைப்பார்.