ஒரே தோட்டத்துத் தூள்

உங்கள் போனில் எந்த பிரவுசர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. குன்னூர் மார்க்கெட்டில் கேட்டால் காய்கறிக்காரர் "கூகுளுங்க" என்பார். ஆட்டோ ஸ்டாண்டில் "சாம்சங்" என்பார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பி, "ஜியோதான் சார், மலைக்கு அதுதான் எடுக்குது" என்றான். விவரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கக் கூடாது, மூன்றும் சரியான விடைகள். சாம்சங்குக்குச் சொந்தமாக ஒரு பிரவுசர் இருக்கிறது. ஜியோவும் ஒன்று விட்டுப் பார்த்தது. கூகுளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உலகத்தில் இணையம் பார்க்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதன் குரோமில்தான் குடியிருக்கிறார்கள். ஆக, தெரியாமல் சொல்கிறவர்கள் சரியாகச் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். தெரிந்து சொல்கிறவர்களிடம்தான் மாட்டிக்கொள்கிறோம். அந்த இரண்டாவது வகையில் நானும் ஒருவன்.

இந்த நோய் பிரவுசிங் சென்டர் காலத்தில் தொற்றியது. பலகை அடித்துத் தடுத்த சின்னச் சின்ன அறை, மணிக்கு இவ்வளவு என்று சுவரில் அட்டை, வெளியே மழை. அந்தக் கணினியில் நீல நிற 'இ' ஒன்றுதான் இருக்கும். 1995-இல் பிறந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். விண்டோஸோடு சேர்ந்தே வந்துவிடுவதால் அதை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அப்படிச் சேர்த்துக் கொடுத்ததற்காகவே 1998-இல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது. அங்கே வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது இங்கே நாங்கள் தமிழ்ப் பத்திரிகை படிக்கப் போராடிக்கொண்டிருந்தோம். யூனிகோட் பரவாத காலம். ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. எக்ஸ்ப்ளோரரில் தமிழாகத் தெரிகிற தலையங்கம், நெட்ஸ்கேப் என்கிற இன்னொரு பிரவுசரில் திறந்தால் கேள்விக்குறியும் வியப்புக்குறியுமாகச் சிதறிக் கிடக்கும். சில தலையங்கங்கள் அப்படியே மேலாக இருந்தன என்பது வேறு விஷயம்.

2022 ஜூன் 15-ஆம் தேதி எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்தது. தென்கொரியாவில் வங்கிக் கணக்கு, கடை வியாபாரம் எல்லாவற்றையும் பல காலம் அந்த ஒரு பிரவுசரிலேயே கட்டிப்போட்டிருந்தார்கள். பட்ட பாட்டுக்குக் கைம்மாறாக அங்கே ஒரு மென்பொருள் பொறியாளர் கியோங்ஜு நகரத்தில் அதற்குக் கல்லறையே எழுப்பினார். மற்ற பிரவுசர்களை இறக்கிக்கொள்ள நன்றாகப் பயன்பட்டது என்கிற பொருளில் கல்வெட்டும் உண்டு. இத்தனை நேர்மையான இரங்கல் குறிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு கைப்பேசி வந்தது. மலையில் கைப்பேசி என்றால் முதல் கேள்வி டவர் இருக்கிறதா என்பது. ஒரு வளைவில் நாலு கோடு காட்டும், அடுத்த வளைவில் ஒன்றுமில்லை. எஸ்டேட் பக்கம் போனால் ஒரு குறிப்பிட்ட சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும் நெட் கிடைக்கும், அங்கே நாலு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் காலத்தில் எங்களைக் காப்பாற்றியது ஒப்பேரா மினி. நார்வேக்காரர்கள் செய்தது. பக்கத்தைத் தங்கள் கணினியிலேயே பிழிந்து சக்கையை எறிந்துவிட்டு, பத்தில் ஒரு பங்காக்கி நமக்கு அனுப்புவார்கள். படம் வராது, வந்தாலும் அது யார் முகம் என்று தெரியாது, ஆனால் செய்தி வந்துவிடும். குளிர் தேசத்துக்காரர்களுக்குத்தான் குளிர் தேசத்துக்காரர்களின் கஷ்டம் தெரியும் என்று எஸ்டேட் ஆபீஸில் ஒருவர் உருகுவார். அதன்பின் சீனத்து யூசி பிரவுசர் வந்து, சினிமாச் செய்தியும் கிரிக்கெட் ஸ்கோரும் கேட்காமலே கொட்டி, பாதி இந்தியாவைப் பிடித்தது. 2020 ஜூன் 29-ஆம் தேதி தடை செய்யப்பட்ட 59 செயலிகளில் அதுவும் ஒன்று. மற்றவர்கள் டிக்டாக்குக்கு அழுதபோது எங்கள் தெருவில் ஒரு பெரியவர் யூசிக்கு அழுதார்.

குரோம் 2008 செப்டம்பரில் வந்தது. அதை வளர்த்து எடுத்தவர்களில் முக்கியமானவர் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை என்பதால், தமிழர்கள் அதைக் குறை சொன்னால் வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் குறை சொல்லப் போவதில்லை. நினைவகத்தையெல்லாம் விழுங்கிக் கணினியைக் கொதிக்க வைக்கிறது என்று சமவெளிக்காரர்கள் புலம்புவார்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு வந்து பார்க்க வேண்டும். தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் முப்பது டேப் திறந்த குரோமை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஸ்வெட்டர் தேவையில்லை. ஃபயர்பாக்ஸில் அந்தச் சுகம் கிடைப்பதில்லை என்பதை அதன் பக்தனாகிய நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஆமாம், நான் ஃபயர்பாக்ஸ். 2004 நவம்பரில் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது, அதற்குப் பிறகு வெகுகாலம் கழிந்துவிட்டது, நான் இன்னும் நகரவில்லை. என் அண்ணன் மகனுக்கு இது தாங்காது. பெங்களூரில் வேலை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "சித்தப்பா, இன்னுமா இதை வச்சிருக்கீங்க? பிரேவுக்கு வாங்க. விளம்பரமே வராது" என்பான். அவன் மனைவிக்கு ஆபீஸில் எட்ஜ். என் மைத்துனருக்கு சோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட உலா. நம்ம ஊர்ச் சரக்கு என்று காலர் தூக்கிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் ஒரே அறையில் சேர்ந்தால் கட்சிக்கூட்டம்தான்.

அவர்களுக்கு நான் சொன்னது இதுதான். குன்னூர் ஏலத்தில் ஒரு லாட் டீத்தூளை எடுக்கிறார்கள். இந்த மலையின் பச்சைத் தேயிலைதான். அதை வாங்கிப்போய் ஒருவர் சிவப்புப் பாக்கெட்டில் போடுகிறார், ஒருவர் பச்சைப் பாக்கெட்டில் போட்டு ஏலக்காய் சேர்க்கிறார், இன்னொருவர் பாக்கெட் மேல் யானை போடுகிறார். வாங்குகிறவர்கள் என் டீ மாதிரி வருமா என்று சண்டை போடுகிறார்கள். குரோம், எட்ஜ், ஒப்பேரா, பிரேவ், உலா, சாம்சங் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது கூகுள் முன்னின்று வளர்க்கிற குரோமியம். ஒப்பேரா 2013-இல் தன் இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதற்கு மாறியது. மைக்ரோசாஃப்டே 2020-இல் அதை எட்ஜுக்குள் போட்டுக்கொண்டது. "நீங்கள் மூன்று பேரும் ஒரே லாட்டை வாங்கிவிட்டுப் பாக்கெட்டுக்குச் சண்டை போடுகிறீர்கள். என் இலை வேறே தோட்டம்" என்றேன்.

அறை அமைதியானது. வெற்றி என்று நினைத்து டீயைக் கையில் எடுத்தேன்.

"சித்தப்பா, அந்தத் தோட்டத்துக்குக் கூலி யார் குடுக்கறாங்க?" என்றான்.

அவன் கேட்டதில் விஷயம் இருக்கிறது. ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, தேடுபொறியாகத் தன்னை வைத்திருப்பதற்காகக் கூகுள் கொடுக்கிற பணம். நான் கூகுளை எதிர்த்துக் கொடி பிடிப்பதற்குக் கொடித்துணி கூகுளே வாங்கித் தருகிறது. விடவில்லை நான். பிரேவை ஆரம்பித்த பிரெண்டன் ஐக், மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். உன் பாக்கெட்டும் எங்கள் வீட்டிலிருந்து விலகிப் போனவருடையதுதான் என்றேன். அதற்குள் அவன் மனைவி, தன் ஐபோனில் ஃபயர்பாக்ஸ் இருப்பதாகச் சமாதானம் பேச வந்தாள். ஐபோனில், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களைத் தவிர, எந்தப் பெயரில் பிரவுசர் போட்டாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட்தான் ஓட வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லி அவளுடைய நல்ல மனத்தையும் கெடுத்தேன். மைத்துனர் ஏற்கெனவே தூங்கியிருந்தார்.

உண்மையில் நம் விருப்பத்துக்கு இதில் அதிக வேலையில்லை. அலுவலகம் சொன்னதை அலுவலகத்தில், போனோடு வந்ததைப் போனில் என்றுதான் பிழைப்பு ஓடுகிறது. மிச்சத்தை அரசு இணையதளங்கள் பார்த்துக்கொள்ளும். ஒரு துறையின் தளம் அண்மைக்காலம் வரை, எக்ஸ்ப்ளோரரில் 800-க்கு 600 திரையில் பார்த்தால் அழகாக இருக்கும் என்று அடியில் எழுதி வைத்திருந்தது. அழகு பார்க்கவா அங்கே போகிறோம்? படிவம் முழுவதையும் நிரப்பிச் சமர்ப்பியை அழுத்தினால், ஃபயர்பாக்ஸ் என்பதால் கம்மென்று இருக்கும். அதே படிவத்தைக் குரோமில் நிரப்பினால் போய்விடும். இதற்காகவே ஒரு குரோமை ஓரமாக வைத்திருக்கிறேன். கொள்கை வேறு, சொத்து வரி வேறு.

கோடைக்காலம் வந்தால் இன்னொரு வேலை சேர்ந்துவிடும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். அடுத்த ஆண்டு சீசனுக்கு, சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். மலர்க் கண்காட்சி அறிவிப்பு வந்ததும் கோயம்புத்தூர்ச் சொந்தங்களிடமிருந்து போன் வரும்.

"ஏனுங்க மாமா, இ-பாஸ் பக்கம் சுத்திட்டே இருக்குதுங்க."

"எந்த பிரவுசர் மாப்பிள்ளை?"

"வாட்ஸ்அப்புங்க."

பத்து வருஷம் வாதாடிச் சேர்த்த என் பிரவுசர் ஞானமெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போகிறது. யாரோ அனுப்பிய லிங்கை வாட்ஸ்அப்புக்குள்ளேயே தட்டி, அதுவும் மேட்டுப்பாளையம் தாண்டி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது திறக்கிறார்கள். அங்கே டவர் விட்டு விட்டுத்தான் வரும். ஆகவே மலைக்கு வருகிற அன்பர்களே, குரோமோ ஃபயர்பாக்ஸோ உலாவோ உங்கள் இஷ்டம். இ-பாஸை மட்டும் வீட்டிலேயே எடுத்து, படம் பிடித்துப் போனில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் நிற்கிறவர்கள் பாஸைத்தான் கேட்பார்கள், பிரவுசரைக் கேட்க மாட்டார்கள்.