பரணில் இருக்கிறார் கொள்ளுத்தாத்தா

காசிமேட்டுப் பேரன்: கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போருக்குப் போனவராம். எங்கிருந்து தேடுவது?

பரணிலிருந்து. டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். அந்தப் போரின் வெள்ளிப் பதக்கம் அகப்பட்டால், முகப்பில் இருக்கும் ராஜாவை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். படை எண், பெயர், பிரிவு அங்கே பொறித்திருக்கும். பதக்கம் எப்போதோ அடகுக் கடைக்குப் போயிருந்தால் (வெள்ளி ஆயிற்றே!) டிஸ்சார்ஜ் தாள், பென்ஷன் புத்தகம் தேறுமா பாருங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூருக்கும் எழுதிக் கேட்கலாம். எண் இல்லாமல், ‘உயரமா இருப்பார், முறுக்கு மீசை’ என்று எழுதினால் எந்த ரெக்கார்டு ஆபீசும் அசையாது.

திருவொற்றியூர் வாசகி: 1941 சென்சஸில் அவர் வீட்டைப் பார்க்க முடியாதா?

இங்கிலாந்தில் வாழ்ந்திருந்தால் 1921 வீட்டையாவது பார்க்கலாம். அங்கே நூறு வருடம் பூட்டிவைத்து, 1921 கணக்கை 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். இங்கே 1948 சட்டப்படி தனி ஆள் விவரத்தை யாருக்கும் காட்டமாட்டார்கள், கோர்ட்டில் சாட்சியமாகவும் செல்லாது. நீங்கள் கேட்கும் 1941 இன்னும் மோசம்: யுத்தத்தால் அந்தக் கணக்கே சுருங்கிப்போனது. நம் சர்க்காருக்குத் தலை எண்ணிக்கை போதும், முகம் வேண்டாம்.

எண்ணூர் வாசகர்: பாட்டி மிலிட்டரி பென்ஷன் வாங்கினார். அந்தத் தாளில் என்ன இருக்கும்?

குடும்பமே இருக்கும். பட்டாளத்தில் சேர்ந்தவரின் உறவுகளை எழுதிக்கொள்ளும் தாளுக்கு ‘கிண்ட்ரட் ரோல்’ என்று பெயர். பிறகு நடக்கும் கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் ‘பார்ட் டூ ஆர்டர்’ ஆக ஏறும். பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) எண் தெரிந்தால் பிரயாக்ராஜ் (நேற்றுவரை அலகாபாத்) ராணுவ ஓய்வூதிய அலுவலகம். தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். காசு நகர்ந்த இடத்தில்தான் காகிதம் தங்கும். பென்ஷனை நிறுத்துவதற்காகவாவது ஒருவர் செத்த தேதியைக் குறித்துத்தானே ஆகவேண்டும்! ஒன்று: இரண்டாம் உலகப்போரில் நாலைந்து வருடம் இருந்துவிட்டு வீடு திரும்பியவர்களுக்குச் சர்வீஸ் பென்ஷன் கிடையாது. அவர்களைப் பென்ஷன் ஏட்டில் தேடி அலையாதீர்கள். இன்னொன்று: வீட்டில் யாரும் பேசாத இரண்டாவது குடும்பம் அந்தத் தாளில் பேசினாலும் பேசும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு பிரியுங்கள்.

ராயபுரத்தார்: சர்ச் ஏட்டில் ராயப்பன், படைத் தாளில் பீட்டர். ஒரே ஆளா?

ராயப்பர்தானே பீட்டர்! உங்கள் ஊரே அவர் பெயரில்தான் நிற்கிறது. எழுதிய கிளார்க் தன் நாக்குக்கு வந்ததை எழுதியிருப்பார். இரண்டிலும் அப்பா பெயர் ஒத்துப்போனால் நம்பலாம். அம்மா பெயரும் ஒத்துப்போனால் சத்தியமே செய்யலாம்.

வண்ணாரப்பேட்டை குறும்பர்: எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸில் குண்டு போட்டபோது எங்கள் பாட்டனார் ஊரைவிட்டே ஓடினார். பென்ஷன் உண்டா?

1914 செப்டம்பர் 22 ராத்திரிக்குப் பிறகு மூட்டை கட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தால் கஜானா அன்றே காலி. ‘எம்டன்’ என்றொரு வசவு கிடைத்ததே, போதாதா?

கொருக்குப்பேட்டை வாசகர்: தாத்தா சிப்பாய் இல்லை, சரக்குக் கப்பலில் வேலை. இரண்டாம் போரில் கப்பலோடு போய்விட்டார். அவரை யார் எழுதிவைத்திருப்பார்கள்?

எழுதியிருக்கிறார்கள். அப்படிக் கடலில் போன ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இரட்டைப் புத்தகமாக இருக்கின்றன. ஒன்று மும்பையில், மற்றது சிட்டகாங்கில். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். கிடைத்தால் நமக்கும் ஒரு கார்டு போடுங்கள்.