ஈட்டியை மிதிப்பது எப்படி

பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடுகிற வீடு எங்களுடையது. திருப்பருத்திக்குன்றத்தில் மிச்சமிருக்கும் சமணக் குடும்பங்களில் ஒன்று. அடுப்படி விளக்கை அணைத்த பிறகு தூக்கம் வரும்வரை பணி ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை? விடுமுறைக்கு வந்த அக்கா மகன் ஊருக்குக் கிளம்பும்போது பிளேஸ்டேஷனை என்னிடம் விட்டுப் போனான். அதற்குள் ‘செகிரோ’ இருந்தது.

ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பான் நிறுவனம் உருவாக்கி, 2019இல் வெளியான விளையாட்டு. எளிது, கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியெல்லாம் கிடையாது. பச்சைப் பிள்ளைக்கும் பென்ஷன்காரனுக்கும் ஒரே அடிதான். நாயகன் ஒரு கையை இழந்த ஷினோபி, அதாவது நிஞ்சா. அவன் கையில் வாள், என் கையில் அவன். பாவம் அவன்.

அதில் ‘மிகிரி’ என்றொரு வித்தை உண்டு. எதிரி ஈட்டியை நெஞ்சுக்கு நேராகக் குத்த வருவான். சிவப்பாக ஒரு ஜப்பானிய எழுத்து மின்னும். சும்மா வாளைக் குறுக்கே பிடித்துப் பயனில்லை. அந்த ஈட்டியை நோக்கியே பாய வேண்டும். நேரம் சரியாக அமைந்தால் நம் ஆள் ஈட்டியைக் காலால் மிதித்து மண்ணோடு அழுத்துவான், எதிரி நிலைகுலைவான். ஒரு இமைப்பு தவறினால் ஈட்டி முதுகு வழியாக வெளியே வரும். போதாததற்கு, காலை வாருகிற வீச்சுக்கும் அதே சிவப்பு எழுத்துதான் மின்னும். அதற்குக் குதிக்க வேண்டும். எது குத்து, எது வீச்சு என்று யோசிக்கிற நேரத்தில் செத்துப்போயிருப்போம்.

காஞ்சி வரதர் கோயில் கருட சேவைக் கூட்டத்தில் வளர்ந்தவனுக்கு ஒதுங்குவதுதான் தற்காப்பு. எழுத்தைக் கண்டதும் என் கட்டைவிரல் தானாகப் பின்னால் போனது. “மாமா, பயப்படுறதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க” என்றான் அக்கா மகன், போனில். 2004இல் ஈவோ போட்டியில், உயிர்க்கோடு நூலளவே மிஞ்சிய நிலையில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டக்காரர் டைகோ உமேஹரா எதிரி விட்ட உதைகள் அத்தனையையும் எதிர்ப் பக்கமாகவே குச்சியைத் தள்ளித் தடுத்த வீடியோவையும் அனுப்பினான். பார்த்தேன். அதன்பிறகு இன்னும் வேகமாகச் செத்தேன்.

பயிற்சிக்கு ஓர் ஆள் இருக்கிறார். பாழடைந்த கோயில் வாசலில் நிற்கும் ஹன்பெய். சாகவே முடியாத சாபம் அவருக்கு. என்னை வெட்டிப் பழகிக்கொள் என்று உடம்பைக் கொடுக்கிறார். கொலைப் பாவம் ஒட்டாமல் வெட்டிப் பழக இதைவிட நல்ல ஏற்பாடு எங்கள் ஆகமங்களில்கூட இல்லை. ஆனால் கணக்கு வேறு பக்கம் ஏறுகிறது. நாம் செத்துச் செத்துப் பிழைத்தால் அந்த உலகத்து அப்பாவிகளை ‘டிராகன்ராட்’ என்ற நோய் பிடிக்கும்; ஒவ்வொருவராக இருமத் தொடங்குவார்கள். வினைப்பயனை இவ்வளவு கறாராக எந்தப் பெரியவரும் எனக்கு விளக்கியதில்லை.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. “மகாவீரர் கோயிலை வச்சுக்கிட்டு இங்க உக்காந்து குத்துறியேடா. அவன் உன்னை என்ன பண்ணான்?”

நான் இருகப்பரைத் துணைக்கு அழைத்தேன். விஜயநகரத் தளபதி, ஆனாலும் சமணர். வாளும் பிடித்தார், ‘நானார்த்த ரத்னமாலை’ என்று அகராதியும் எழுதினார். நம் கோயில் சங்கீத மண்டபமே 1387 வாக்கில் அவர் கட்டியதுதானே?

“அவரு மண்டபம் கட்டுனாரு. நீ என்ன கட்டுற?”

கரண்ட் பில்.

வித்தை பிடிபட்டது பக்கத்து வீட்டுத் தறிக்காரரால். கோர்வைப் புடவை நெய்கிறவர். ஒருநாள் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “கண்ணால பாத்துக்கிட்டா நான் நாடா போடுறேன்? காதைக் கொடுங்க சார்” என்றார். கோர்வையில் உடலும் கரையும் வேறு வேறு நாடா. இழைக்கு இழை கொக்கி போட்டு இணைக்க வேண்டும். தறியின் சத்தத்துக்குக் கை போகிற மாதிரிதான் இதுவும். சிவப்பு எழுத்தோடு ஒரு ஒலியும் வருகிறது. அதுவரை நான் அதைக் கேட்கவே இல்லை. டிவி சத்தத்தைக் கூட்டினேன். ஈட்டிகள் காலடியில் விழத் தொடங்கின.

அந்தத் தைரியத்தில் கோட்டை உச்சியில் நிற்கும் கெனிச்சிரோ என்ற பெரிய எதிரியிடம் போனேன். குத்தினான், மிதித்தேன். வீசினான், குதித்தேன். விழுந்தான். அம்மாவே ஜபமாலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். விழுந்தவன் எழுந்து, கவசத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு வெற்று மேனியோடு நின்றான்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. ரிஷபதேவரின் பிள்ளைகள் கதை அவருக்கு உயிர். பரதனைத் தலைக்கு மேல் தூக்கிய பாகுபலி, ஜெயித்த அந்த நிமிடத்திலேயே எல்லாவற்றையும் துறந்து நின்றாரே!

“பாருடா, எல்லாத்தையும் கழட்டிட்டான். தீட்சை வாங்கப் போறான். நீயும் வாளைக் கீழ போடு.”

எண்பது வயதுத் தாய் சொல்லும்போது எப்படி மறுப்பது? பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். கெனிச்சிரோ வானத்திலிருந்து மின்னலை வாளில் இறக்கி என் தலையில் போட்டான். ஊரில் இன்னொருவர் இருமத் தொடங்கினார்.