வந்துச்சா, தம்பி?

பார்சல் இன்னும் தெருமுனை திரும்பியிருக்காது. அதற்குள் போன் அடித்துவிடும்.

"வந்துச்சா, தம்பி?"

"இன்னும் வரல, டீச்சர்."

"அனுப்பிட்டேனே! ஆறுறதுக்குள்ள சாப்புடணும். வாசல்ல போய் நில்லு."

நாற்பத்தாறு வயதில், ராணி வீதியில், என் சொந்த வீட்டு வாசலில் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு நிற்கிறேன். "யாரு வர்றாங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார். ஸ்கோன் வருகிறது என்று எப்படிச் சொல்வது?

இந்த டீச்சரை உங்களுக்கும் தெரியும். உங்கள் ஊரில் அவர் ஆவக்காய் அனுப்புவார், இல்லாவிட்டால் கேழ்வரகு லட்டு. எங்கள் தரங்கம்பாடிக்கு வாய்த்தவர், ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர். இங்கிலாந்தில் டெவன் பக்கம் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். வரும்போது சளியையும் ஸ்கோனையும் கொண்டுவந்தார். சளி ஒரு வாரத்தில் போய்விட்டது.

ஸ்கோன் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டை ரொட்டி. குறுக்கே பிளந்து க்ரீமும் ஜாமும் தடவி டீயோடு தின்ன வேண்டும். மொத்தத்துக்கும் க்ரீம் டீ என்று பேர். அங்கே இதை அழகாகப் பெட்டியில் கட்டி, வேண்டியவர்களுக்குத் தபாலில் பரிசாக அனுப்புகிறார்கள். ஆறு மாதத்தில் டீச்சர் எத்தனையோ பார்த்திருப்பார். மனதில் தைத்தது இந்த 'அனுப்புகிறார்கள்' மட்டும்தான்.

நம் ஊரிலும் அனுப்புவது உண்டு. கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு வரும், ரம்ஜானுக்குப் பிரியாணி வரும், பொங்கலுக்குப் பொங்கல் போகும். தட்டு வரும், தட்டு போகும். போன் போட்டு யாரும் மதிப்பெண் கேட்டதில்லை.

டீச்சரின் பார்சல் எவர்சில்வர் டப்பாவில் வரும். மூடியில் அவர் கணவர் பேர் வெட்டியிருக்கும். உள்ளே இரண்டு ஸ்கோன், மருந்து பாட்டிலில் நாவல்பழ ஜாம், வாழையிலையில் பொதிந்த க்ரீம், இரண்டு டீப் பொட்டலம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சீட்டு, ஒன்பது கட்டளைகளுடன். 1715-லேயே தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊர் இது. அதை அச்சிட்ட சீகன்பால்கு விட்ட இடத்திலிருந்து டீச்சர் தொடர்ந்துகொண்டிருக்கிறார்.

இரண்டாவது போன், டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது.

"கத்தி வைக்காத. கையால பொளந்துக்க. க்ரீம் முதல்ல, ஜாம் அதுக்கு மேல. மாத்திப் போட்டேன்னா அது கார்ன்வால்!"

கார்ன்வால் என்பது டெவனுக்குப் பக்கத்துச் சீமை. அவர்கள் ஜாமை முதலில் தடவுவார்கள். இதற்காக இரண்டு சீமைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கு நிற்கிறார்கள். நமக்குப் புரியாத சண்டை இல்லை. வடகலைக்கும் தென்கலைக்கும் யானை நெற்றி. இவர்களுக்கு ரொட்டி நெற்றி.

மூன்றாவது போனுக்குத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"எப்புடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு, டீச்சர்."

"நல்லா இருந்துச்சுன்னா? அஞ்சு மார்க் கேள்விக்கு ஒரு வரியில பதில் எழுதுற பழக்கம் உன்னை விட்டுப் போகவே இல்ல. உப்பியிருந்துச்சா? பக்கவாட்டுல விரிசல் தெரிஞ்சுதா?"

விரிசல் இருந்தால் நல்லதாம். குளிர்ந்த வெண்ணெயை மாவில் போட்டு, புட்டுக்குப் பிசிறுவதுபோல விரல் நுனியால் பிசிறவேண்டும். 225 கிராம் மாவுக்கு 50 கிராம் வெண்ணெய். 220 டிகிரி சூட்டில் வைத்ததும் அந்த வெண்ணெய்த் துணுக்குகள் உருகி ஆவி கிளப்பும். பேக்கிங் பவுடரும் சேர்ந்துகொண்டு மாவைத் தூக்கிவிடும். டெவன் குளிரில் சரி. மே மாதத் தரங்கம்பாடியில் பிரிட்ஜிலிருந்து வெளியே வந்த வெண்ணெய்க்கு ஆயுசு இரண்டு நிமிஷம். கடல்காற்றில் பேக்கிங் பவுடரும் கட்டிதட்டிப் போகிறது. பாதி வேக்காட்டில் கரண்டு போய்விட்டால் கேட்கவே வேண்டாம். மாசிலாமணி நாதர் கோயிலைக் கடல் அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கரண்டு போன நாள் ஸ்கோன்களைச் சேர்த்துவைத்திருந்தால் அரசாங்கத்துக்கு லாரிச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

ஒருமுறை துணிந்து கேட்டேன். "டேனிஷ்காரன் இருநூறு வருஷத்துக்கு மேல இருந்த ஊரு டீச்சர் இது. செய்யிறதுதான் செய்யிறீங்க, அவன் பலகாரத்தைச் செய்யக்கூடாதா?"

வகுப்பு தொடங்கிவிட்டது. 1620-ல் கோட்டை கட்டியவன் 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்து செராம்பூரையும் இங்கிலீஷ்காரனுக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனான். போனவன் பலகாரம் நமக்கெதற்கு? அது மட்டுமில்லை. டேனிஷ் கம்பெனி சீனாவில் கான்டனிலிருந்து வாங்கிப்போன தேயிலையில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குத்தான் கள்ளத்தனமாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே தேயிலைக்கு வரி அப்படி. 1784-ல் 119 சதவீதத்திலிருந்து அதைக் குறைத்த பிறகுதான் கடத்தல் படுத்தது.

"எத்தனைக்குக் கொறைச்சான்?"

"தெரியல, டீச்சர்."

"பன்னிரண்டரை! ஊரு பன்னிரண்டரை லட்சம், வரி பன்னிரண்டரை சதவீதம். எழுதி வச்சுக்க."

எழுதி வைத்துக்கொண்டேன். கையில் ஸ்கோன் காய்ந்துகொண்டிருந்தது.

நான்காவது போன் மறுநாள் காலை ஆறரைக்கு. அதில் ஸ்கோனைப் பற்றிப் பேச்சே இருக்காது.

"டப்பா?"

டப்பாவை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத் தரவேண்டும். முதல்முறை சர்க்கரை போட்டேன். "எனக்கு சுகர்னு தெரியாதா?" என்று வந்தது. அடுத்தமுறை முறுக்கு. "பல்லு?" என்று வந்தது. வாழைப்பழம் வைத்தேன், டப்பாவுக்குள் கனிந்துபோய், மூடியில் இருந்த கணவர் பேர் வரைக்கும் ஈ மொய்த்ததாம். கடைசியில் அம்மா செய்த அசோகாவை வைத்து அனுப்பினேன். அன்று மட்டும் போன் வரவில்லை. அப்பாடா என்று இருந்தேன். மூன்றாம் நாள் டப்பா திரும்பி வந்தது, இரண்டுக்குப் பதில் நான்கு ஸ்கோனோடு. வெறும் டப்பாவாக அனுப்பக்கூடாது என்ற சட்டம் அவர் வீட்டிலும் உண்டு என்பதை நான் மறந்துவிட்டேன். அன்றிலிருந்து டப்பா ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்துவதற்கு இருவருக்கும் வழி தெரியவில்லை.

ஓடுவது டப்பா என்று சொன்னேன். உண்மையில் ஓடுவது தண்ணி கேன் போடுகிற பையன். டீச்சர் நோட்டில் இருபத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. டாக்டர் வீடு, பாஸ்டர் வீடு, தபால்காரர் வீடு, என்றோ படித்து மூன்று பாடத்தில் தவறிய என் வீடு. வண்டியில் முன்னால் கேன், பின்னால் டப்பா. வெயிலில் ஜாம் ஒழுகினால் அவனுக்குத்தான் திட்டு. ஒருநாள் பேச்சுவாக்கில், "உனக்கு எப்புடிடா இருந்துச்சு?" என்றேன்.

"எனக்கு யாருண்ணே குடுத்தா?"

இரண்டு வருஷமாகச் சுமக்கிறான். தூக்கி வருகிறவன் வீடு நோட்டில் இல்லை. பரிசு அனுப்புகிறவர்களிடம் எனக்கு உள்ள கோபம் இதுதான். க்ரீம், ஜாம் எல்லாம் சும்மா. யார் பாராட்டினால் காதுக்கு இனிக்குமோ அவர்கள் வீட்டுக்குத்தான் போகிறது. டீச்சரைச் சொல்லி நான் மட்டும் யோக்கியமா? டப்பா ஏன் வருகிறது என்று எத்தனையோ நாள் அலுத்துக்கொண்ட நான், அதைக் கொண்டுவருகிறவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்க இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

திண்ணையில் உட்காரச் சொன்னேன். அம்மா ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்தாள். அவன் ஸ்கோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கையாலும் பிளக்கவில்லை, கத்தியும் கேட்கவில்லை. அப்படியே டீயில் முக்கி எடுத்துக் கடித்தான்.

"பொறை மாதிரி இருக்குண்ணே. ஆனா பொறையவிட மெத்துனு இருக்கு. பரவால்ல."

அந்த ஊர் ரொட்டிக்கு எங்கள் தெருவில் கிடைத்த முதல் நேர்மையான மதிப்பெண் அதுதான். இரண்டாவதையும் அவனிடமே கொடுத்தேன்.

உள்ளே அம்மா வாழையிலைப் பொதியைப் பிரித்து முகர்ந்துகொண்டிருந்தாள். பொறையாறு பக்கமிருந்து வாங்கிய எருமைப்பாலை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைத்திருந்து, ராத்திரி ஆறவிட்டு, மேலே கட்டியாகப் படிந்ததை டீச்சர் பொறுமையாக வழித்தெடுத்த க்ரீம்.

"ஏடுடா இது," என்றாள் அம்மா. "நல்ல ஏடு. இதைப் போயி ரொட்டியில தடவுறதா?"

எங்கள் வீட்டு ஏட்டுப் பானையில் அது விழுந்தது. உறைமோர் சேரும், வெள்ளிக்கிழமை கடைந்தால் வெண்ணெய் திரளும், முருங்கையிலை போட்டுக் காய்ச்சினால் நெய். இதற்கு முன்னால் வந்த பொதிகளும் அங்கேதான் போயிருக்கின்றன. எங்கள் வீட்டு ரசம்சாதத்தில் டெவன் மணக்க ஆரம்பித்து வெகுநாளாகிறது.

போன் அடித்தது.

"சாப்ட்டியா? எது முதல்ல?"

அடுக்களையைப் பார்த்தேன். அம்மா பானையை மூடிக்கொண்டிருந்தாள். ஜாம் பாட்டில் இன்னும் திறக்கவே இல்லை.

"க்ரீம்தான் டீச்சர் முதல்ல போச்சு."

"சபாஷ்! இப்பத்தான் உருப்படுற. அப்புறம், டப்பா?"