மேக் நானூற்றில் ஐந்திணை ஒழுக்கம்: ஒரு ராஸ்ப்பெர்ரி பை நோக்கு

சங்கப் பாடல்களில் மேலாண்மை உண்டு, பங்குச்சந்தை உண்டு, நீரிழிவுக்கு மருந்தும் உண்டு என்று நிறுவியாகிவிட்ட இக்காலத்தில், சிங்கிள்போர்டு கணினி ஒன்றுதான் திணை இல்லாமல் அநாதையாக நிற்கிறது. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள்: உள்ளங்கையில் அடங்கும் ராஸ்ப்பெர்ரி பையில் மூன்லைட் எம்பெடட் என்னும் கேம் ஸ்ட்ரீமிங் மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தல். ஆய்வு எல்லை: ஒரு மேசை, ஒரு சார்ஜர், மே மாதம். தொகுத்தவர் ஜிசிசி. தொகுப்பித்தவர் மேக், 1976-இல் பெல் ஆய்வகத்தில் தோன்றியவர். எட்டுத்தொகையிலும் தொகுத்தவர் ஒருவர், தொகுப்பித்தவர் வேறொருவர் எனக் காண்பதால், இரண்டுக்கும் ஒரே மூலம் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது. ஐயப்படுவோர் தமிழ்ப் பகைவர்.

குறிஞ்சி: ஆப்ஜெக்ட் கோப்புகள் லிங்கரால் ஒன்று கூடுமிடம். விரித்துப் பேசுவது மரபன்று.

மருதம்: லைப்ரரிகளின் வெர்ஷன்கள் ஒன்றோடொன்று முகங்கொடுத்துப் பேசாத ஊடல். ஆப்ட் என்னும் பாணன் தூது போய் வெறுங்கையோடு வருவான்.

பாலை சற்று விரிவை வேண்டுகிறது. ‘ஓபஸ்.எச்: அப்படியொரு கோப்பில்லை’ என்பது இத்திணையின் தலையாய பாடல் (மேக் நானூறு, 12). பாடியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் ஆகியோரைப் போலவே இவரையும் பாட்டின் தொடராலேயே ‘அப்படியொருகோப்பில்லையார்’ என வழங்குவது பொருந்தும். ஓபஸ், எவ்டெவ், ஆல்சா, யுடெவ், அவாகி என்று தலைவன் பெயரை மட்டும் மாற்றி இவர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியுள்ளார். (ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றிப் பதினோரு கருத்தரங்குகளில் வாசிப்போர் இவருடைய வழித்தோன்றல்களாகலாம்.) இங்கே பிரிவு நுட்பமானது. லைப்ரரி கணினியில் இருக்கவே செய்கிறது. ‘டெவ்’ என முடியும் பொதியில் வரும் ஹெடர் கோப்புதான் இல்லை. தலைவன் ஊரில்தான் இருக்கிறான், கதவு எண் தெரியவில்லை. கிட் குளோன் இடும்போது ‘ரிகர்சிவ்’ என்ற அசையை விட்டவர்க்கு ஊரே காலி: துணைத்தொகுதி அடைவைத் திறந்தால் ஒன்றும் இராது. அத்துணைத்தொகுதிக்குள் ஈநெட் என்ற இன்னொரு துணைத்தொகுதி உண்டு. அது பாலைக்குள் பாலை.

இனி முல்லை. இக்கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். கம்பைல் செய்வோன் தொழிலும் அதுவே. தலைவன் கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். சிமேக் தரும் சதவீத எண்ணே தோழி. 34 என்கிறாள், 71 என்கிறாள், ‘இதோ வந்துவிட்டார்’ என 97 என்கிறாள். அங்கேயே நிற்கிறாள் (மேக் நானூறு, 97, ஒப்பிடுக: மேற்படி 97, மேலும் ஒப்பிடுக: 97). அவள் பொய் சொல்லவில்லை. அவள் எண்ணுவது முடிந்த படிகளை, கழிந்த காலத்தை அல்ல. நாற்பது வரிக் கோப்பும் நாலாயிரம் வரிக் கோப்பும் அவளுக்கு ஒன்றே. இதனைப் பேதைமை என்பார் ஒரு சாரார். தோழிக்குரிய இரக்கம் என்பது எம் துணிபு.

இந்நிலையில் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் ஒன்று வெட்டுகிறது. மின்னல் கார்காலத்தின் அறிகுறி. கார் வந்துவிட்டது, தலைவனைக் காணோமே! பருவமல்லாத மழையை நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்தது என்று சொல்லித் தேற்றும் மரபு தோழிக்கு உண்டு. இங்கும் அவ்வாறே: ‘அன்னாய், இது கார் அன்று, மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, நீ மாட்டியிருப்பது பழைய போன் சார்ஜர்’ (மேக் நானூறு, மேலே உருண்டோடி மறைந்த பகுதி, கீழிருந்து 212-ஆம் அடி, எஸ்டி கார்டு பழுதால் பின்னிரண்டு சீர் சிதைவு, ‘கேபிளும் மெலிது’ என்பது பாடபேதம், அதை இடைச்செருகல் என்று தள்ளியவர் கேபிளை மாற்றிப் பார்க்காதவர்). பாலைக்குத் தனி நிலமில்லை, பிற நிலம் வறண்டால் பாலையாகும் என்ற பழங்கருத்தும் இங்கே மெய்ப்படுகிறது. மே மாத நண்பகலில் சில்லு 80 டிகிரியைத் தொட்டதும் ஃபர்ம்வேர் தானே வேகத்தைக் குறைக்கும். முல்லை நம் கண்முன்னே பாலையாகத் திரியும். ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் மீண்டும் முல்லை.

நெய்தல், இரங்கல். 1 ஜிபி நினைவகமுள்ள பை 3-இல் சி++ மென்பொருள் ஒன்றை நான்கு கோரும் சேர்ந்து கம்பைல் செய்யட்டும் என ‘ஜே4’ இட்டவர்க்கு, நினைவகம் தீர்ந்ததும் கெர்னலே கம்பைலரைக் கொன்றுவிட்டு ஒற்றைச் சொல்லில் கையறுநிலை பாடும். ‘ஜே1’ என்று குறைத்தால் பிழைக்கும். நான்கு பேர் எழுதி வழிகாட்டி பெயரில் வெளிவரும் கட்டுரைகளுக்கும் இதைப் பரிந்துரைக்கலாம்.

கைக்கிளை: பையில் நான்கு இலக்கப் பின் எண் தோன்றும், ஏற்க வேண்டிய பெரிய கணினி உறங்கிக்கொண்டிருக்கும்.

பெருந்திணை: கேம் பையில் ஓடுவதே இல்லை. ஓடுவது அடுத்த அறையில், கிராபிக்ஸ் கார்டு உள்ள பெரிய கணினியில். பைக்கு வருவது வெறும் வீடியோ. அதை அவிழ்த்துக் காட்டுவதும், கையிலுள்ள கன்ட்ரோலர் அழுத்தங்களைத் திருப்பி அனுப்புவதுமே அதன் வேலை. பொருந்தாக் காமத்துக்கு இதனினும் சிறந்த சான்று உலக இலக்கியத்தில் இல்லை. பிற இலக்கியங்களைத் தேடவில்லை.

ஒரு மறுப்பு எழலாம். மூன்லைட் எம்பெடட், பைக்கென்றே ஆயத்தப் பொதியாகவும் கிடைக்கிறது. களஞ்சியத்தைச் சேர்த்து ஆப்ட் இன்ஸ்டால் என்று ஒரு வரி அடித்தால் போதுமே, கம்பைல் எதற்கு என்பர். அவ்வாறு கேட்போர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யாதவர். அவர்க்கு விடையிறுக்க இக்கட்டுரை கடமைப்பட்டதன்று.