ஆள் எதுக்கு, நான் இருக்கேன்!

எலெக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் ஆகிய மூவரின் வருமானத்தையும் தனி ஒருவராகக் குறைத்தும் பெருக்கியும் வைக்கிற பேர்வழி ஒருவர் தெருவுக்குத் தெரு இருக்கிறார். முதலில் எல்லாவற்றையும் தானே செய்துவிடுவதால் குறைக்கிறார். செய்ததைச் சரிசெய்ய அவர்களையே கூப்பிட வேண்டி வருவதால் பெருக்குகிறார். ‘ஆள் எதுக்கு, நான் இருக்கேன்’ என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். அதைக் கேட்டதும் வீட்டம்மா முதலில் செய்யும் காரியம், தரையில் இருக்கிற பாயைச் சுருட்டிக் கட்டில்மேல் வைப்பது.

அடையாளம் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்றவர், அல்லது ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். காதில் பென்சில். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். வங்கியில் சலானுக்குக் கையெழுத்துப் போட அதை எடுத்து, மூடியைக் கழற்றப் பார்த்தவர். அவர் வீட்டில் எந்த டப்பாவிலும் வெளியே எழுதியிருப்பது உள்ளே இருக்காது. முறுக்கு டப்பாவில் வாஷர், அல்வா டப்பாவில் ஆணி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஸ்க்ரூ. விருந்துக்கு வந்த குழந்தைகள் ஆசையாய்த் திறந்துபார்த்துவிட்டு அழுததுண்டு.

அறுந்த ஒயர், உடைந்த கீல், ஓடாத கடிகாரத்தின் மோட்டார் எதையும் தூக்கிப்போட விடமாட்டார். “இருக்கட்டும், எதுக்காவது ஆகும்.” அந்த ‘எதுக்காவது’ என்றைக்காவது வரத்தான் செய்கிறது. அன்றைக்குப் பார்த்து அந்தச் சாமான் கிடைக்காது. உடனே பஸ் பிடித்துப் பாரிமுனைக்குப் போய், செம்புதாஸ் தெருவில் கடைகடையாய் ஏறி இறங்கி, தேவையான ஒரு நட்டோடு தேவையில்லாத ஒரு கிலோ இரும்பும் வாங்கி வருவார். “மொத்தமா வாங்கினா மலிவு.”

அவருடைய ஆதர்ச புருஷர் ஜி.டி.நாயுடு. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு அக்காகப் பிரித்து, மறுபடி மாட்டித் தொழில் கற்றவர் என்று கோயம்புத்தூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நம்மவர் அதில் முதல் பாதியை அப்படியே கடைப்பிடிக்கிறார். மிக்ஸியைப் பிரித்தார், அயர்ன்பாக்ஸைப் பிரித்தார். மாட்டி முடித்ததும் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் வரும். “கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டிருக்கான்” என்று அதையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்ப்பார்.

குழாய் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாஷர் தேய்ந்திருக்கும், மாற்றினால் தீர்ந்தது. அதற்குமுன் மொட்டை மாடிக்குப் போய் கேட் வால்வை மூட வேண்டும். அது டேங்க் வைத்த நாளிலிருந்து திருகப்படாமல் துருவேறிக் கிடக்கும். “லேசா ஒரு தட்டு” என்று சுத்தியலை எடுப்பார். கீழே சொட்டிக்கொண்டிருந்த பிரச்சினை இப்போது மேலே பீய்ச்சியடிக்கும். வீட்டில் இருக்கிற குடம், அண்டா, பிரஷர் குக்கர் எல்லாம் நிரம்பும். ஒரு வழியாய்க் குழாயைக் கழற்றினால், அது வாஷர் போட்ட பழைய பித்தளைக் குழாய் அல்ல, உள்ளே பீங்கான் தகடு வைத்த புது ரகம். அதற்கு வாஷரே கிடையாது, உள்கட்டையை முழுசாக மாற்ற வேண்டும். நம்மவர் கவலைப்பட மாட்டார். டெஃப்லான் டேப் இருக்கிறது. மரை ஓடும் திசையில் சுற்றினால்தான் அது நிற்கும், எதிர்த் திசையில் சுற்றினால் குழாயைத் திருகும்போதே பிரிந்துவிடும். திசையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றியபடியே எதிர்த் திசையில் சுற்றி முடிப்பார். அதற்குமேல் எம்-சீல் உருண்டையை அப்புவார். சொட்டு நின்றுவிடும். தண்ணீரும் நின்றுவிடும்.

இப்படி நாள்பட நாள்பட, அந்த வீட்டுக்கென்று தனியாக ஒரு உபயோக முறை ஏற்பட்டுவிடுகிறது. ஊரிலிருந்து மச்சினர் குடும்பத்தோடு வந்தால், காப்பி கொடுப்பதற்கு முன்னால் வீட்டம்மா பாடம் நடத்துவார். “அண்ணா, பாத்ரூம் கதவைக் கொஞ்சம் தூக்கி, இடது பக்கம் தள்ளி, முட்டியால ஒரு இடி இடிங்க, திறந்துக்கும். ஃப்ளஷ்ஷை அமுக்கிட்டு விடக் கூடாது, பத்து எண்ணணும். ஹால் சுவிட்சைப் போட்டா மாடிப்படி லைட் எரியும், பதறாதீங்க, ஹால் லைட்டுக்கு ஃப்ரிட்ஜ் பின்னாடி ஒரு கயிறு தொங்கும்.” கேட்டுக்கொண்டிருக்கும் நம்மவர் முகத்தில் பெருமை தாங்காது. இதில் எதற்கும் அவர் ஆளைக் கூப்பிடவில்லை.

அவர் சரியாகச் செய்கிறவையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஃபேன் வேகமெடுக்காமல் முனகி முனகிச் சுற்றினால், காதைச் சாய்த்து ஒரு கணம் கேட்பார். “கண்டென்சர் போயிடுச்சு.” பெரும்பாலும் அதுவேதான். இரண்டரை மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை வாங்கி, மெயினை அணைத்து, பழையதைக் கழற்றுமுன் அதில் மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் இறக்கிவிட்டு மாட்டுவார். நூறு ரூபாய்கூட ஆகாது. ஃபேன் புதிது மாதிரி ஓடும். அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பேசுவார்.

வெற்றியின் மயக்கத்தில் மின்சாரத்தோடு உறவு கொண்டாட ஆரம்பிப்பதுதான் ஆபத்து. பிளக் இல்லாத ஒயரின் இரண்டு முனைகளையும் நேரே சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி செருகுவார். மூன்று முள் பிளக்கில் மேல் முள் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது, கரண்ட் வருவதற்கு முன்னால் எர்த் தொட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காக. நம்மவர் சாக்கெட்டில் அந்த முள்ளுக்கான துளையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி, மற்ற துளைகளின் கதவைத் திறந்து, இரண்டு முள் பிளக்கை உள்ளே தள்ளுவார். ஒரு மழைநாளில் புறங்கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்ற பிறகு வீட்டில் ஒப்பந்தம் ஆனது. மெயின் போர்டு, கீசர், கேஸ் மூன்றையும் தொடுவதில்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம். மற்றதெல்லாம் அவர் இஷ்டம்.

அந்த இஷ்டத்துக்குச் சோதனை, எண்பது தாண்டிய அவருடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபோது வந்தது. கொஞ்ச நாள் சக்கர நாற்காலி, பிறகு வாக்கர், தாழ்வாக உட்காரக் கூடாது, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும் என்று டாக்டர் சொல்லச் சொல்ல, நம்மவர் கண்ணில் ஒளி வந்தது. டாக்டர், “இதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க” என்று தொடங்கினார். அடுத்து இவர் என்ன சொல்லியிருப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் வாசலில் சாய்தளம். வாசற்படி அரையடி உயரம். சக்கர நாற்காலிக்கான சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு, நம் அரசின் விதிகளிலும் அதுதான். அதாவது அரையடி ஏற ஆறடி நீளம் வேண்டும். நம்மவரிடம் இருந்தது இரண்டடிப் பலகை. “ரெண்டடி போதும், கொஞ்சம் வேகமாத் தள்ளினா ஏறிடும்” என்றார். அம்மாவை உட்கார வைக்குமுன் ஒத்திகை பார்க்கிற அளவு நிதானம் இருந்தது, நல்ல வேளை. காலி கேஸ் சிலிண்டரை நாற்காலியில் ஏற்றி, பெல்ட் போட்டு, மேலிருந்து மெதுவாக விட்டார். மெதுவாக என்பது அவர் எண்ணம். சிலிண்டர் வாசலைக் கடந்து, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுச் செம்பருத்தித் தொட்டியில் போய் நின்றது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, “சார், கேஸ் புக் பண்ணலையே!” என்றார்.

அடுத்தது வாக்கர். அதன் நான்கு கால்களிலும் வரிசையாகத் துளையிருக்கும், பித்தானை அமுக்கி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி வர வேண்டும். நம்மவர் தாமே பிடித்து நடந்துபார்த்து, தமக்குச் சௌகரியமாக வைத்தார். அவர் ஆறடி, அம்மா ஐந்தடிக்குக் குறைவு. போதாததற்கு முன்பக்கம் ஒரு கூடை, செல்போனுக்குப் பை, ஒரு டார்ச், சைக்கிள் மணி. அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏண்டா, இது வாக்கரா, தேரா? வடம் பிடிக்க ஆள் வச்சிருக்கியா?” என்றார்.

பிறகு பாத்ரூம் கம்பி. டவல் தொங்கும் கம்பி ஏற்கெனவே இருக்கிறதே, அதையே பிடித்துக்கொண்டால் என்ன என்பது அவருடைய முதல் யோசனை. ஈரத் துண்டைத் தாங்கச் செய்தது, ஈரக் காலோடு சறுக்குகிற மனுஷியைத் தாங்காது. டைல்ஸுக்குப் பின்னால் பூச்சு மட்டும் இருந்தால் ஸ்க்ரூ அதோடு பெயர்ந்து கையில் வரும். செங்கல்லோ கான்கிரீட்டோ தொடுகிற ஆழத்துக்குத் துளை போட்டு பிளக் அடிக்க வேண்டும். இதற்கு அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் சரித்திரம் சொல்லாமல் டிரில்லைத் தொட மாட்டார். “1911-ல லண்டன்ல ராலிங்ஸ்னு ஒருத்தர், பிரிட்டிஷ் மியூசியம் சுவர் கெட்டுப்போகாம சாமான் மாட்டணும்னு கண்டுபிடிச்சதுதான் இந்த ராவல் பிளக்.” சொல்லி முடிப்பதற்குள் சுவரில் தப்பான இடத்தில் துளைகள் விழுந்திருந்தன. மியூசியம் பிழைத்தது, பாத்ரூம் பிழைக்கவில்லை. கம்பி நின்ற உயரத்தில் அம்மா பிடிக்க வேண்டுமென்றால் ஸ்டூல் போட வேண்டும்.

அன்றைக்குத்தான் அம்மா வாயைத் திறந்தார். “எல்லாத்தையும் சுவரை அளந்தே செய்யறே. என்னை எப்படா அளந்தே?” நம்மவருக்குப் பதில் வரவில்லை. இன்ச் டேப் கையில்தான் இருந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் மேஸ்திரி மாறினார். அம்மா பாத்ரூம் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருப்பது போல் கையை நீட்டுவார். கை சுவரைத் தொட்ட இடத்தில் பேத்தி ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைப்பாள். நம்மவருக்கு அங்கே மட்டும் துளை போட அனுமதி. கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் விரல் முட்டி இடிக்காமல் ஒன்றரை அங்குலம் விடு என்றார். விட்டார். உள்பக்கம் திறக்கிற கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டச் சொன்னார். “உள்ளே நான் விழுந்து கிடந்தா, என்மேலேயே கதவைத் தள்ளிக்கிட்டா வருவே?” வழவழவென்ற உருண்டைத் திருகுக் குழாய் போய், புறங்கையால் தள்ளினாலே திறக்கிற நீளக் கைப்பிடி வந்தது. விரல் மடங்காததால் கரண்டி நழுவுகிறது என்றதும், நம்மவர் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கரண்டிக் காம்பில் இரண்டு சுற்றாக மாட்டிக் கொடுத்தார். ‘எதுக்காவது ஆகும்’ என்று வைத்திருந்த டியூப். அம்மா சாம்பார் சாதத்தைச் சிந்தாமல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “இதுதாண்டா வேலை” என்றார். சாய்தளம் ஆறடிக்குச் சிமெண்டில் எழுந்தது, ஸ்கூட்டருக்குத்தான் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. வாக்கரில் மணி மட்டும் மிஞ்சியது. காப்பி தாமதமானால் அம்மா அடிக்கிறார்.

இந்தப் பேர்வழிகளை ஒழித்துவிடலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஒழிக்கவும் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு டேங்க் வழிந்தால் சுத்தியலோடு ஓடி வருவது இவர்தான், பிளம்பர் அல்ல. ஒரு கட்டுப்பாடு மட்டும் போதும். செய்து முடித்ததை, செய்தவர் ஊரில் இல்லாத நாளில் இன்னொருவர் யாரையும் கேட்காமல் பயன்படுத்த முடிந்தால் அது ரிப்பேர். முடியாவிட்டால் அது பொழுதுபோக்கு. வயதானவர்களுக்கும் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் செய்கிற வேலையில் பொழுதுபோக்குக்கு இடமில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அவர் கையிலிருக்கும் டிரில்லைப் பிடுங்காதீர்கள், இன்ச் டேப்பை மட்டும் வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.